தொடுதலை உணர்வது மெர்கல் செல்லா, அதனோடு ஒட்டியிருக்கும் நரம்பு நுனியா?

இளவேனில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உயிரியல் மாணவர்களுக்குத் தோலின் உணர்வேற்பிகளைப் பற்றிப் பாடம் எடுப்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன். மெய்ஸ்னர், பாசினி, ரஃபீனி ஆகிய மூன்று ஏற்பிகளிலும் அழுத்தத்தை மின்துடிப்பாக மாற்றுவது நரம்பு நுனிதான் என்றும், அதைச் சூழ்ந்திருக்கும் உறை எந்த வகை அழுத்தம் உள்ளே செல்லலாம் என்பதை வடிகட்டுகிறது என்றும் என்னிடமுள்ள நூல்கள் ஒரே குரலில் சொல்கின்றன. மெர்கல் செல்லுக்கு வந்ததும் அவை பிரிந்துவிடுகின்றன. ஒரு நூல் அதை, கண்ணின் கூம்புச் செல்லையும் உட்செவியின் மயிர்ச் செல்லையும் போல, தானே தூண்டலை உணர்ந்து நரம்புக்கு அறிவிக்கும் உணர்வுச் செல் என்கிறது. மற்றொரு நூல், அது நரம்பு நுனிக்கு ஊட்டமும் தாங்கலும் தரும் துணைச் செல் மட்டுமே என்கிறது.

இவற்றில் எது சரி என்பதைவிட, எந்தச் சோதனையின் பேரில் அப்படிச் சொல்கிறோம் என்பதை அறியவே விரும்புகிறேன். மாணவர்கள் ஏன் என்று கேட்டால், நூலில் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை.

இதனோடு மற்றொரு ஐயமும் உண்டு. மெர்கல் செல்லோடு இணைந்த நரம்பிழை மெதுவாகத் தணியும் வகையைச் சேர்ந்தது, அதாவது அழுத்தம் நீடிக்கும் வரை துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் மூக்குக்கண்ணாடியின் அழுத்தத்தையும் மோதிரத்தின் அழுத்தத்தையும் சிறிது நேரத்திலேயே நாம் உணராமல் போவது எப்படி?

நுண்ணோக்கி (மறுமொழி)

வணக்கம். தங்களிடமுள்ள நூல்கள் முரண்படுவதற்குப் பெரும்பாலும் அவை எழுதப்பட்ட காலமே காரணமாக இருக்கும். நூறாண்டுகளுக்கு மேல் தீராமல் கிடந்த இந்த வழக்கின் பெரும்பகுதி, 2009 முதல் 2014 வரையிலான சில ஆண்டுகளில்தான் தீர்ந்தது. செல்லும் உணர்கிறது, நரம்பும் உணர்கிறது, ஆனால் ஒரே தொடுதலின் வெவ்வேறு பகுதிகளை உணர்கின்றன என்பதே இன்று கிடைத்திருக்கும் விடை. சோதனைகளைத்தான் தாங்கள் கேட்டிருப்பதால் அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஃபிரீட்ரிக் மெர்கல் 1875-இல் இந்தச் செல்களை விவரித்தபோதே, இவை தொடுதலுக்கானவை என்று துணிந்து சொன்னார். அவருக்குக் கிடைத்திருந்த சான்று அவற்றின் இருப்பிடமும் வடிவமும் மட்டுமே. விரல் நுனியின் குறுக்குவெட்டைப் பார்த்தால் அவர் ஏன் அப்படி முடிவு கட்டினார் என்பது விளங்கும். கைரேகையின் ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் கீழே, மேல்தோல் அடித்தோலுக்குள் ஆப்புப்போல் இறங்கியிருக்கிறது. அந்த ஆப்பின் அடிமுனையில் மெர்கல் செல்கள் கொத்தாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அகலம். மேல்பக்கமும் பக்கவாட்டிலும் குட்டையான முட்களை அண்டைச் செல்களுக்குள் நீட்டிக்கொண்டு, கீழ்ப்பக்கத்தில் தட்டுப்போல் விரிந்த நரம்பு நுனியின்மீது அவை படிந்திருக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, செல்லுக்குள் கரிய மையம் கொண்ட சிறு துகள்கள் நரம்பை நோக்கிய பக்கத்தில் திரண்டிருப்பதும் தெரிந்தது. வேதிப்பொருளை வெளியிடுவதற்கென்றே அமைந்த செல்லின் தோற்றம் அது.

மயிருள்ள தோலில் இவை தொடு மேடு எனப்படும் சிறு புடைப்புகளில் கூடியிருக்கின்றன. 1969-இல் இக்கோவும் மியூரும் பூனையின் தோலில் இத்தகைய மேடுகளை அழுத்தி, அவற்றிலிருந்து புறப்படும் நரம்பிழையின் துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். அழுத்தும் கணத்தில் துடிப்புகள் சரமாரியாக எழுந்தன. அழுத்தம் நிலைகொண்ட பிறகு, குறைந்த வேகத்தில், ஒழுங்கற்ற இடைவெளிகளோடு, ஆனால் விடாமல் தொடர்ந்தன. அந்தப் பதிவில் இரண்டு கட்டங்கள் இருப்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழு விடையும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் வழக்கு ஏன் தீரவில்லை என்றால், செல்லையும் நரம்பையும் பிரித்துத் தனித்தனியே சோதிக்க வழியில்லாமல் இருந்தது. ஒளி பட்டால் நச்சாக மாறும் ஒரு சாயத்தை மெர்கல் செல்களில் ஏற்றி அவற்றை மட்டும் அழிக்க முயன்றவர்களில் சிலர், நரம்பின் துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள். வேறு சிலர், செல் அழிந்த பின்னும் நரம்பு துடிக்கிறது என்றார்கள். செல்லின் பிறப்பிடத்தைப் பற்றியும் இதே போன்ற பூசல் நீடித்தது. அது, கருவில் நரம்புச் செல்கள் பலவற்றைத் தோற்றுவிக்கும் நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது என்று ஒரு சாரார் நம்பினர். 2009-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே சுண்டெலிகளில் செல் வழிமரபைத் தொடர்ந்து சென்று, அது மேல்தோலிலேயே பிறக்கும் தோல் செல் என்று காட்டின. தொடுதலுக்கென்று தோல் தன் சொந்தச் செல்களிலிருந்தே ஓர் உணர்வுச் செல்லை ஆக்கிக்கொள்கிறது என்ற இந்த உண்மையை வகுப்பில் அழுத்திச் சொல்லலாம் என்பது என் கருத்து.

அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு வழக்கை நகர்த்தியது. உட்செவியின் மயிர்ச் செல்கள் உருவாவதற்குத் தேவையான ஏடோ1 என்ற மரபணு மெர்கல் செல்களுக்கும் தேவை. அதைத் தோலிலிருந்து மட்டும் நீக்கிய சுண்டெலிகளில் ஒரு மெர்கல் செல்கூட உருவாகவில்லை. நரம்பிழைகள் வழக்கம்போல் வந்து சேர்ந்திருந்தன. ஆயினும் அந்தத் தோலில் மெதுவாகத் தணியும் அந்தத் தனித்தன்மையான துடிப்பு கிடைக்கவில்லை. இதனாலும் ஐயம் முழுவதும் தீரவில்லை என்று கறாரான வாசகர் சொல்வார், அது நியாயமானதே. நரம்பு சரியாக வளர்வதற்குச் செல் தேவைப்பட்டிருக்கலாம். அதனாலேயே செல்தான் உணர்கிறது என்று ஆகிவிடாது.

எஞ்சியிருந்த முடிச்சு அவிழ, அழுத்தத்தால் திறக்கும் அயனிக் கால்வாய் எது என்று தெரிய வேண்டியிருந்தது. ஆர்டெம் படபூட்டியனின் ஆய்வகத்தில், அழுத்தினால் மின்னோட்டம் எழும் ஒரு செல் வகையை எடுத்துக்கொண்டு, ஐயத்துக்குரிய 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார்கள். எதை முடக்கியதும் செல் அழுத்தத்துக்கு மசியாமல் போனதோ அது பீசோ1. அதைக் கொண்டு அதன் உடன்பிறப்பான பீசோ2-ஐக் கண்டார்கள். 2010-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்காகவே 2021-இல் அவருக்கு டேவிட் ஜூலியஸோடு சேர்த்து மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பீசோ2 என்பது மூன்று ஒரே மாதிரியான பெரும் புரதங்கள் கூடிய, மூன்று அலகுள்ள காற்றாடி போன்ற அமைப்பு. ஒவ்வொரு புரதமும் செல் சவ்வை 38 முறை ஊடுருவிச் செல்கிறது. அந்த அலகுகள் சவ்வையே ஒரு குழியாக வளைத்து வைத்திருக்கின்றன. சவ்வு இழுபடும்போது அலகுகள் தட்டையாகி, நடுவிலுள்ள துளை திறந்து, நேர்மின் அயனிகள் உள்ளே பாய்கின்றன.

2014-இல் பீசோ2 மெர்கல் செல்லிலும் இருக்கிறது, அதைத் தொடும் நரம்பு நுனியிலும் இருக்கிறது என்பது நிறுவப்பட்டது. அதே ஆண்டில் எலன் லம்ப்கினின் குழு செய்த சோதனையைத்தான் நான் தீர்ப்பாகக் கருதுகிறேன். ஒளி பட்டால் செல்லைத் தூண்டும் புரதம் ஒன்றை மெர்கல் செல்களில் மட்டும் உண்டாக்கிய சுண்டெலித் தோலின்மீது, எந்தப் பொருளாலும் தொடாமல், வெறும் நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். தோல் அசையவில்லை; நரம்பு நுனியை எதுவும் அழுத்தவில்லை. ஆயினும் நரம்பிழை, நீடித்த அழுத்தத்தின்போது துடிப்பதுபோலவே துடித்தது. மறுதலையாக, ஒளியால் செல்லை அடக்கும் புரதத்தை வைத்துத் தோலை அழுத்திக்கொண்டே ஒளியைப் பாய்ச்சியபோது துடிப்பு குறைந்தது. அண்டையில் இருப்பதால் மட்டும் ஒரு துணைச் செல் இப்படி நரம்பை ஆட்டுவிக்க முடியாது.

மெர்கல் செல்களில் மட்டும் பீசோ2-ஐ நீக்கிய சுண்டெலிகளிலோ, அழுத்தும் கணத்தின் துடிப்புகள் பெருமளவு எஞ்சின. அழுத்தம் நிலைகொண்ட பின் வரும் துடிப்புகள்தான் குன்றின. ஆக, அழுத்தம் மாறும் கணத்தை நரம்பு நுனி தன் பீசோ2 கொண்டு நேரடியாக உணர்கிறது. அழுத்தம் மாறாமல் நிற்பதைச் செல் உணர்ந்து நரம்புக்கு அறிவிக்கிறது. 1969-இல் பதிவான அந்த இரண்டு கட்டங்களுக்கும் இரண்டு வெவ்வேறு உற்பத்தியிடங்கள் என்று பொருள்.

நரம்பியல் நேயன் (மறுமொழி)

நுண்ணோக்கி எழுதியதோடு முழுவதும் உடன்படுகிறேன். இளவேனில் அவர்களின் இரண்டாவது ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒரு சிறு திருத்தம். மற்ற ஏற்பிகளின் உறைச் செல்கள் வெறும் வடிகட்டிகளே என்பதும் இப்போது அசைக்க முடியாத கருத்தாக இல்லை. வாத்தின் அலகிலுள்ள, நம் மெய்ஸ்னர் கோளத்துக்கு ஒப்பான ஏற்பியில், நரம்பைச் சூழ்ந்த செல்கள் தாமே அழுத்தத்துக்கு மின்துடிப்பால் பதிலளிக்கின்றன என்று 2020-இல் காட்டப்பட்டது. ஆகவே வகுப்பில் அந்தப் பகுதியைச் சற்றுத் தளர்த்தியே சொல்லுங்கள்.

மூக்குக்கண்ணாடிக்கு வருவோம். ஏட்ரியனும் ஸாட்டர்மனும் 1926-இல் தனி நரம்பிழையின் துடிப்புகளை முதன்முதலில் பதிவு செய்தபோதே, மாறாத தூண்டலுக்குத் துடிப்பின் வேகம் காலப்போக்கில் தணிவதைக் கண்டார்கள். மெதுவாகத் தணியும் இழை என்றால் தணியாத இழை என்று பொருளல்ல. முதல் சில விநாடிகளிலேயே அதன் வேகம் கணிசமாக இறங்கிவிடுகிறது. தோலும் இறுகிய பொருளல்ல. அழுத்தத்துக்குக் கீழே அது மெல்ல நெகிழ்ந்து இடம் கொடுப்பதால், ஏற்பியைச் சென்றடையும் விசையே குறைகிறது. மேலும் முகம், உடல் ஆகியவற்றின் மயிருள்ள தோலில் மயிர்க்கால்களைச் சுற்றியிருக்கும் இழைகளில் பெரும்பாலானவை அசைவுக்கு மட்டுமே துடிப்பவை; ஆடை உராயாமல் நிற்கும் வரை அவை அமைதியாக இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சும் துடிப்புகள் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் சென்றுகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைக் கவனத்துக்குக் கொண்டுவராமல் விடுவது மூளையின் வேலை. இதற்குச் சான்று தங்கள் மூக்கின்மீதே இருக்கிறது: இந்த வரியைப் படித்ததும், கண்ணாடியைத் தொடாமலும் தலையை அசைக்காமலும், அதன் அழுத்தத்தைத் தங்களால் உணர முடியும். ஏற்பி முற்றிலும் ஓய்ந்திருந்தால், கவனத்தைத் திருப்பியதால் மட்டும் அந்த உணர்வு மீண்டு வந்திருக்காது.

வகுப்பில் செய்து காட்டத்தக்க ஒன்று உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு நாணயங்களில் ஒன்றை நன்கு குளிர வைத்து, மற்றொன்றைத் தோலின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடிய ஒருவரின் நெற்றியில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். குளிர்ந்த நாணயம் கனமாக இருப்பதாகச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வேபர் இதைப் பதிவு செய்தார். மெதுவாகத் தணியும் தொடு இழைகள் குளிர்ச்சிக்கும் துடிக்கின்றன என்பது பிற்பாடு தெரிய வந்தது. அந்தத் துடிப்பையும் மூளை அழுத்தம் என்றே வாசித்துவிடுகிறது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்த இழைகளின் பயன் என்ன என்றும் மாணவர்கள் கேட்கக்கூடும். விரல் நுனியில் ஒரு மெர்கல் இழை கவனிக்கும் பரப்பு 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டம்தான். விளிம்புகளையும் முனைகளையும் அது கூர்மையாகப் பிரித்தறிகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் எழுத்தில் புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த எழுத்துகளைத் தோலின்மீது நகர்த்தி நால்வகை இழைகளின் துடிப்புகளையும் பதிவு செய்து பார்த்தபோது, புள்ளிகளின் அமைப்பு மிகத் தெளிவாகத் தெரிந்தது மெர்கல் இழைகளில்தான். பாசினி இழைகளின் பதிவில் எழுத்தை அடையாளம் காணவே இயலவில்லை.

இளவேனில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒளியைப் பாய்ச்சிய சோதனையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அதையே பாடத்தின் நடுவில் வைக்கப்போகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. மேலே சொன்ன மரபணுச் சோதனைகள் எல்லாம் சுண்டெலிகளில் செய்யப்பட்டவை. மனிதரிடத்தில் இதற்குச் சான்று உண்டா? செல் நரம்புக்கு அறிவிக்கிறது என்றால் எந்த வேதிப்பொருளைக் கொண்டு அறிவிக்கிறது?

மறுவாழ்வு மருத்துவர் (மறுமொழி)

முதல் கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். பீசோ2 மரபணுவின் இரு பிரதிகளும் பிறவியிலேயே செயலிழந்த இருவரைப் பற்றிய ஆய்வு 2016-இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த செஸ்லர், பானமன் ஆகியோரின் குழுவிடமிருந்து வெளிவந்தது. ஒருவருக்கு 9 வயது, மற்றவருக்கு 19. அதிரும் இசைக்கவையைத் தோலில் வைத்தால் அதிர்வை அவர்களால் உணர முடியவில்லை. உள்ளங்கையை மென்மையாக வருடினால் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் தங்கள் கைகால்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்ல இயலவில்லை. நிற்பதும் நடப்பதும் பார்வையின் துணையோடுதான். ஆனால் கிள்ளினால் வலித்தது, சூடும் குளிர்ச்சியும் தெரிந்தன. வலிக்கும் வெப்பத்துக்கும் உரிய பாதைகள் பெரும்பாலும் வேறானவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மனிதச் சான்றை நான் அறியேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். அவர்களிடம் பீசோ2 மெர்கல் செல்லிலும் இல்லை, எல்லா உணர்வு நரம்புகளிலும் இல்லை. ஆகவே பீசோ2 மனிதனின் தொடுவுணர்வுக்கு இன்றியமையாதது என்பதை இது நிறுவுகிறதே தவிர, செல்லின் பங்கையும் நரம்பின் பங்கையும் பிரித்துக் காட்டவில்லை. அந்தப் பிரிப்புக்கு நாம் இன்னும் சுண்டெலிச் சோதனைகளையே சார்ந்திருக்கிறோம். மாணவர்களிடம் இதை மறைக்காமல் சொல்வது நல்லது.

எங்கள் துறையில் அன்றாடம் காணும் ஒன்றையும் சேர்க்கிறேன். கையில் நரம்பு அறுந்து, தைத்துச் சேர்க்கப்பட்டவர்களை இரண்டு விதமாகச் சோதிப்போம். விரல் நுனியில் இரண்டு முனைகளை அசைக்காமல் வைத்து, ஒன்றா இரண்டா என்று கேட்பது ஒன்று. அதே முனைகளை விரலின் நீளவாட்டில் நகர்த்திக்கொண்டே கேட்பது மற்றொன்று. முந்தையது மெதுவாகத் தணியும் இழைகளையும், பிந்தையது விரைவாகத் தணியும் இழைகளையும் பெரிதும் சார்ந்தது. நரம்பு மீண்டு வளரும்போது நகரும் முனைகளைப் பிரித்தறியும் திறன் முதலில் திரும்புவதும், அசையாத முனைகளைப் பிரித்தறியும் திறன் பின்னர் வருவதுமே வழக்கம். இதனால்தான் நோயாளி துணியின் நெசவை உணரத் தொடங்கிய பிறகும், கையில் பிடித்த பொருளைப் பார்க்காமல் இருந்தால் நழுவ விட்டுவிடக்கூடும். இவை எல்லாம் ஒரே உணர்வு என்று எண்ணும் நோயாளி, ஒன்று வந்து மற்றது வராதபோது மனம் தளர்ந்துவிடுகிறார். இரண்டு வகை இழைகள், இரண்டு வேகத்தில் மீளும் என்று எடுத்துச் சொன்னால் பயிற்சியைக் கைவிடாமல் தொடர்கிறார்.

நுண்ணோக்கி (மறுமொழி)

மருத்துவரின் எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். அசையாத முனைச் சோதனையைப் பற்றி அவர் சொன்னது என் ஆய்வகப் பார்வைக்குக் கிட்டாத செய்தி.

வேதிப்பொருளைப் பற்றிய கேள்விக்கு ஒரே பெயரை விடையாகத் தர இயலாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எலியின் மீசை மயிர்க்கால்களிலுள்ள மெர்கல் செல்கள் செரட்டோனினை வெளியிடுகின்றன என்று காட்டியது. 2018-இல் வேறொரு குழு சுண்டெலியின் தோலில், நார்அட்ரீனலினே நரம்பு நுனியிலுள்ள பீட்டா2 ஏற்பிகளைத் தூண்டுகிறது என்று காட்டியது. மீசைக்கும் உடல் தோலுக்கும் உள்ள வேறுபாடு இதற்குக் காரணமாகலாம். ஒரே செல் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளை வெளியிடுவதும் இயல்பே. வகுப்புக்கு, செல்லின் துகள்களிலிருந்து வெளியாகும் வேதிப்பொருளால் நரம்பு தூண்டப்படுகிறது என்பது போதும்.

செய்தி ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடு மேட்டுக்கு வரும் நரம்பை வெட்டிவிட்டால், சில வாரங்களில் அங்குள்ள மெர்கல் செல்களின் எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது. நரம்பு நுனி வெளியிடும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் அந்த மேட்டின் மூலச் செல்களைப் பேணிவருவதுதான் இதற்குக் காரணம் என்று 2015-இல் சுண்டெலிகளில் காட்டப்பட்டது. மருத்துவர் சொன்ன நோயாளிகளிடத்தில் மெதுவாகத் தணியும் உணர்வு தாமதமாகத் திரும்புவதில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அங்கே நரம்பு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அதனோடு பேசத் தக்க செல்லும் காத்திருக்க வேண்டும்.

இளவேனில் அவர்களே, கரும்பலகையில் படம் வரையும்போது பீசோ2-ஐ ஒரே நிறத்தில் இரண்டு இடங்களிலும், அதாவது செல்லின் சவ்விலும் நரம்பு நுனியின் சவ்விலும், குறியுங்கள். அதற்குக் கீழே துடிப்புகளின் பதிவை வரைந்து, தொடக்கத்துச் சரத்திலிருந்து நரம்புக்கு ஓர் அம்பும், பின் தொடரும் ஒழுங்கற்ற துடிப்புகளிலிருந்து செல்லுக்கு ஓர் அம்பும் இடுங்கள்.